விசாவும் மனநலமும்: ஆஸ்திரேலியாவில் அகதிகளுக்கான அரசு உதவியின் வரலாறு

ஆஸ்திரேலியக் கூட்டாட்சி 1901-இல் தோன்றியவுடன் அதன் நாடாளுமன்றம் இயற்றிய முதற்சட்டங்களுள் ஒன்றான குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஐரோப்பியர் அல்லாதோரை வடிகட்டுவதற்கு அது வகுத்த சொல்வதெழுதும் தேர்வுக்காகவே இன்று பெரிதும் நினைக்கப்படுகிறது. நாட்டுக்குள் விடத்தகாதோரின் அதே பட்டியலில் மனநோயாளிகளும் மனவளர்ச்சி குன்றியோரும் சேர்க்கப்பட்டிருந்தனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அச்சட்டத்தின் இடத்தில் வந்த 1958-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டமும், நாட்டுக்குள் வந்து ஐந்தாண்டுகள் நிறைவதற்குள் மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாகிவிட்ட குடியேறியை நாடுகடத்தும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. குடியேறியின் மனநோய் அரசின் கண்ணில் நெடுங்காலம் நாட்டின் எல்லையைக் காப்பது பற்றிய சிக்கலாகவே இருந்ததே தவிர, அரசு பொறுப்பேற்க வேண்டிய துன்பமாக இருந்ததில்லை. அதே அரசு இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஒவ்வொரு மாநிலத்திலும், சித்திரவதையிலிருந்தும் போரிலிருந்தும் தப்பி வந்தோருக்கான மனநல நிலையங்களைப் பொதுப்பணத்தில் நடத்தத் தொடங்கியிருந்தது. இந்த மாற்றம் பெரிது. ஆனால் அதனை நேர்கோட்டு முன்னேற்றமாக எழுதிவிட முடியாது. ஆலோசனை அறையில் அரசு ஆற்ற முனைந்த காயத்தை விசா விதிகளின் வழியாக அதே அரசு மீண்டும் மீண்டும் கீறியது என்பதும், இவ்வுண்மையை அளந்து நிறுவிய ஆய்வுகளில் சிட்னியிலும் மெல்போர்னிலும் வாழ்ந்த தமிழர்களின் வாக்குமூலம் மையமான இடம் பெற்றது என்பதும் இவ்வரலாற்றின் இரண்டு தவிர்க்கவியலாத பகுதிகளாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய முகாம்களில் நாடிழந்து கிடந்தவர்களை, அக்காலத்தில் ‘இடம்பெயர்க்கப்பட்டோர்’ என அழைக்கப்பட்டவர்களை, 1947 முதல் ஆஸ்திரேலியா ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. பன்னாட்டு அகதிகள் அமைப்பின் உதவியோடு ஏறத்தாழ 1,70,000 பேர் கப்பல்களில் வந்து சேர்ந்தனர். அவர்களுள் பலர் நாஜிகளின் கட்டாய உழைப்பு முகாம்களையும், சிலர் வதைமுகாம்களையும் கண்டவர்கள். இறங்கியதும் விக்டோரியா மாநிலத்தின் போனகில்லா போன்ற வரவேற்பு முகாம்களில் தங்கவைக்கப்பட்ட அவர்கள், அரசு காட்டும் இடத்தில் இரண்டாண்டுகள் வேலை செய்வதாக ஒப்பந்தம் செய்திருந்தமையால், படித்த படிப்பு எதுவாயினும் ஆண்கள் பெரும்பாலும் கூலியாட்களாகவும் பெண்கள் வீட்டுப் பணியாளர்களாகவும் அனுப்பப்பட்டனர். கணவன் அணைக்கட்டு வேலையிலும், மனைவியும் பிள்ளைகளும் தொலைவிலுள்ள வேறொரு முகாமிலும் மாதக்கணக்கில் பிரிந்து வாழ்ந்த குடும்பங்கள் பல. ஐரோப்பாவில் மருத்துவராக இருந்தவர்களின் பட்டங்கள் ஏற்கப்படாததால் அவர்களுட் சிலர் ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் வார்டு உதவியாளர்களாக வேலை பார்த்தனர்; தம் தாய்மொழி பேசும் நோயாளி அடுத்த கட்டிலில் பிதற்றிக்கொண்டிருக்க, அவருக்கு மருத்துவம் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

அன்றைய அரசின் கொள்கை ‘ஒன்றிக் கலத்தல்’ என்பதாகும். அதாவது, வந்தவர் தம் மொழியையும் பழைய நினைவையும் விரைவாகக் களைந்து ஆஸ்திரேலியராகிவிட வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு. இதற்காக 1950 முதல் அரசின் பணத்தில் இயங்கிய ‘நல்ல அண்டைவீட்டார்’ மன்றங்களில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் புதியவர்களுக்குத் தேநீரும் ஆங்கிலமும் அறிவுரையும் வழங்கினர். குடிவரவுத் துறையே 1949-லிருந்து சமூகப் பணியாளர்களை அமர்த்தியிருந்தது என்பதையும் நியாயமாகக் குறிப்பிட வேண்டும். அரசு முற்றிலும் கைகட்டி நிற்கவில்லை. எனினும் கடந்தகாலத்தைப் பேசுவதே ஒட்டுறவுக்குத் தடை என்று கருதிய ஒரு கொள்கையின் கீழ், கடந்தகாலத்தால் நோயுற்றவருக்கு என்ன உதவி கிடைத்திருக்க முடியும் என்பதை ஊகிப்பது கடினமன்று. 1950-களில் மருத்துவ இதழ்கள் அகதிகளிடையே சந்தேக நோயும் மனச்சிதைவும் மிகுதியாகக் காணப்படுவதாக எழுதத் தொடங்கின. அரசின் முதற்கவலை, நோயாளிகள் ஐரோப்பாவிலேயே சரியாகச் சோதிக்கப்பட்டு வடிகட்டப்பட்டார்களா என்பதாக இருந்தது.

இந்தச் சிந்தனையை மெல்ல மாற்றியவர்களுள் குறிப்பிடத்தக்கவர், போலந்திலிருந்து வந்து மெல்போர்னில் பணியாற்றிய மனநல ஆய்வாளர் யெர்சி க்ருபின்ஸ்கி. ஆலன் ஸ்டோலருடன் சேர்ந்து விக்டோரியாவின் மருத்துவமனைப் பதிவேடுகளை ஆராய்ந்த அவர், கிழக்கு ஐரோப்பிய அகதிகளின் நோயை அவர்கள் பட்ட போர்க்கால அனுபவத்தோடும் புதிய நாட்டில் அவர்கள் இழந்த சமூக நிலையோடும் பொருத்திப் பார்த்தார். வந்தவருக்குள் பிறவியிலேயே நோய் இருந்தது என்னும் விளக்கம் அதன்பின் தனித்து நிற்க இயலவில்லை.

1970-களில் ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ கொள்கை கைவிடப்பட்டு, பல பண்பாடுகள் ஒருங்கே வாழும் நாடு என்னும் கருத்து அரசின் மொழியாக ஏற்கப்பட்டபோது, மனநல உதவிக்கு அடித்தளமான ஒன்று மனநலத் துறைக்கு வெளியே உருவாயிற்று. 1973-இல் குடிவரவுத் துறை தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் மருத்துவமனைகளுக்கென்றே உரைபெயர்ப்பாளர் பணியை அமைத்தது. அதுவரை நோயாளியின் பத்து வயதுப் பிள்ளையோ, மருத்துவமனையைத் துடைக்க வந்த அதே மொழிக்காரரோதான் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையில் நின்றனர். எலும்பு முறிவை அப்படிச் சொல்லிவிடலாம். தாய்க்கு நேர்ந்த வன்கொடுமையைப் பிள்ளையின் வாயால் சொல்லவைக்க முடியாது. மனநல மருத்துவத்தில் பேச்சே சோதனைக்கருவியும் பேச்சே சிகிச்சையும் ஆகும் என்பதால், கூலியும் பயிற்சியும் இரகசியம் காக்கும் கடமையும் உடைய உரைபெயர்ப்பாளரை அரசே ஏற்படுத்தியதை இத்துறையில் அரசு அளித்த முதல் மெய்யான உதவி என்றே மதிப்பிட வேண்டும். வழக்கறிஞர் ஃபிராங்க் கால்பலி தலைமையிலான குழு 1978-இல் அளித்த அறிக்கை, குடியேறியோருக்கான பணிகளை அவர்களுடைய சமூக அமைப்புகளே நடத்த அரசு நிதி வழங்கும் முறையை வலியுறுத்தியது. நல்ல அண்டைவீட்டார் மன்றங்களின் காலமும் அத்துடன் முடிந்தது.

அடுத்து வந்த மாற்றத்துக்குப் பன்னாட்டுப் பின்னணி உண்டு. சிலி நாட்டில் 1973-இல் நிகழ்ந்த இராணுவப் புரட்சிக்குப் பின் தப்பியோடியவர்களைப் பரிசோதித்த மருத்துவர்கள், சித்திரவதை உடலிலும் உள்ளத்திலும் விடும் தடயங்களை முறையாகப் பதிவுசெய்யலாயினர். டென்மார்க்கின் மருத்துவர் இங்கெ கெனெஃப்கெ 1982-இல் கோபன்ஹேகனில் சித்திரவதைக்குள்ளானோருக்கான மறுவாழ்வு மையத்தை நிறுவினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோய்ப்பட்டியலில், பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சல் நோய் முதன்முறையாக இடம்பெற்றது. உயிருக்கு ஆபத்தான கொடுமையை அனுபவித்தவரிடம் அந்நிகழ்வு கனவாகவும் விழிப்பிலும் திரும்பத் திரும்ப வருவதையும், அதை நினைவூட்டும் எதையும் அவர் ஒதுக்கி வாழ்வதையும், எந்நேரமும் திடுக்கிடும் நிலையில் இருப்பதையும் அப்பெயர் குறிக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 1984-இல் ஏற்ற சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் இயன்றவரை முழுமையான மறுவாழ்வு பெறுவதை உரிமையாக வரையறுத்தது. ஆஸ்திரேலியா அதனை 1989-இல் உறுதிசெய்தது.

உள்நாட்டில் தேவையோ கண்முன்னே இருந்தது. வியட்நாம், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளிலிருந்து 1975-க்குப் பின் பல்லாயிரவர் வந்து சிட்னியின் மேற்குப் புறநகர்களில் குடியமர்ந்திருந்தனர். தென்னமெரிக்க அகதிகளும், 1983-இன் இனக்கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழரும் அவர்களுக்கு அயலாராயினர். மானிடவியலாளர் ஜானிஸ் ரீடும் டிமொத்தி ஸ்ட்ராங்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து அகதிகளின் மருத்துவத் தேவைகளை ஆராய்ந்து 1987-இல் அளித்த அறிக்கை, பொது மருத்துவமனைகள் இவர்களை அடையாளங்காணவே தவறுகின்றன என்பதைச் சான்றுகளோடு காட்டிற்று. அதன் விளைவாக மாநிலச் சுகாதாரத் துறையின் நிதியில் 1988-இல் சிட்னியில் தோன்றியதே ‘ஸ்டார்ட்ஸ்’ என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படும் சித்திரவதை மற்றும் பேரதிர்ச்சிச் சிகிச்சை நிலையம். மெல்போர்னில் ‘ஃபவுண்டேஷன் ஹவுஸ்’ என்று வழங்கும் அறக்கட்டளை அதற்கு ஓராண்டு முன்பே தொடங்கியிருந்தது. 1990-களின் நடுப்பகுதியில் மத்திய அரசு இவற்றுக்கென நாடு தழுவிய நிதித் திட்டமொன்றை வகுத்தது. இன்று எட்டு மாநில, ஆட்சிப்பகுதிகளிலும் இத்தகைய நிலையம் ஒவ்வொன்று உள்ளது.

இந்நிலையங்கள் வேலை செய்யும் முறை சற்று நின்று நோக்கத்தக்கது. வழக்கமான மனநல மருத்துவமனைக்கு வர அகதி தயங்குவதற்குக் காரணங்கள் பல: சொந்த நாட்டில் மனநல மருத்துவமனை என்றாலே பைத்தியக்காரர் என்னும் பழி, சில நாடுகளில் மருத்துவரே வதைக்கு உடந்தையாக இருந்த அனுபவம், வெள்ளைச் சுவரும் பூட்டிய கதவும் விசாரணை அறையை நினைவூட்டும் கொடுமை. ஆகவே நிலையங்கள் சாதாரண வீடுகளின் தோற்றத்தில் அமைக்கப்பட்டன. அகதிச் சமூகங்களிலிருந்தே இருமொழி அறிந்த ஆலோசகர்கள் தேர்ந்தெடுத்துப் பயிற்றப்பட்டனர். சிகிச்சையோடு வீட்டு வாடகை, பள்ளிச் சேர்க்கை, காணாமற்போன உறவினரைத் தேடுதல் முதலியவற்றுக்கான உதவியும் அதே கூரையின் கீழ் தரப்பட்டது. போரில் சிதைந்தது தனி ஒருவரின் நரம்பு மட்டுமன்று, அவரைத் தாங்கிய ஊரும் உறவும் நம்பிக்கையும் சேர்ந்தே சிதைந்தன என்னும் புரிதல் இதற்குப் பின்னால் இருந்தது. யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே பணியாற்றிப் பின்னர் அடிலெய்டில் இத்தகைய நிலையமொன்றின் மனநல மருத்துவராகச் சேர்ந்த தயா சோமசுந்தரம், ஒரு சமூகம் முழுவதும் கூட்டாக அடையும் மனவடுவைப் பற்றி எழுதியவை இப்புரிதலுக்கு வலுவான ஈழத்துச் சான்றுகளாகும். தனியார் மருத்துவமோ காப்பீடோ இத்தகைய நீண்ட, பலமுகப் பணிக்குப் பணம் கொடுக்க முன்வராது என்பதால், அரசின் நிதி இல்லாமல் இவை ஓராண்டும் நீடித்திருக்க இயலாது.

இவ்வமைப்புகள் வேரூன்றிய அதே ஆண்டுகளில்தான் எதிர்த்திசையில் மற்றொரு கொள்கையும் வளர்ந்தது. அகதி என்பவர் துன்புறுத்தப்படுவார் என்னும் அச்சம் சட்டப்படி ஏற்கப்பட்டவர். புகலிடக் கோரிக்கையாளர் என்பவர் அந்த ஏற்புக்காக விண்ணப்பித்துக் காத்திருப்பவர். படகில் வந்த கம்போடியர்களை முன்னிட்டு 1992-இல் நிறைவேறிய சட்டத்திருத்தம், விசா இன்றி வந்த புகலிடக் கோரிக்கையாளரைக் கட்டாயமாகத் தடுத்துவைக்க வகைசெய்தது. விசாவோடு விமானத்தில் வந்து விண்ணப்பித்தவர் வெளியே வாழலாம். ஆயினும் 1997 ஜூலை முதல், வந்த 45 நாட்களுக்குள் விண்ணப்பிக்கத் தவறியவருக்கு வேலை செய்யும் உரிமையும் மெடிகேர் என்னும் பொது மருத்துவக் காப்பும் மறுக்கப்பட்டன. அதிர்ச்சியில் உறைந்தவர் முதல் வாரங்களில் வாய்திறந்து முறையிடுவார் என்று எதிர்பார்த்த இவ்விதி, மனநல அறிவுக்கு நேர்முரணானது. அது 2009 வரை நீடித்தது.

இக்காலத்தில் சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையைச் சார்ந்த மனநல மருத்துவர் டெரிக் சிலோவ், உளவியலாளர் சாக்கரி ஸ்டீல் ஆகியோரின் குழு ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த இலங்கைத் தமிழரிடையே ஓர் ஆய்வை நடத்தியது. புகலிடம் கோரிக் காத்திருந்தோர் 62 பேர், அகதியாக ஏற்கப்பட்டோர் 30 பேர், சாதாரணக் குடியேறிகள் 104 பேர் என 196 தமிழர் அதில் பங்கேற்றனர். ஒரே மொழி, ஒரே போர், வந்துசேர்ந்த நாடும் ஒன்றே. முதன்மையாக வேறுபட்டது விசா. அதனால் விசா மனத்துக்குச் செய்வதைப் பிரித்துக் காண இதைவிட ஏற்ற களம் அமைவது அரிது. அனுபவித்த கொடுமைகளிலும் நோய்க்குறிகளிலும் காத்திருந்தோரும் ஏற்கப்பட்டோரும் ஏறக்குறைய ஒத்திருந்தனர். சாதாரணக் குடியேறிகள் இரண்டிலும் குறைவாக இருந்தனர். ஆனால் திருப்பி அனுப்பப்படுவோமோ என்னும் அச்சம், ஊரில் விட்டுவந்த குடும்பம் பற்றிய கவலை, வேலை கிடைக்காமை, மருத்துவ உதவி பெற முடியாமை போன்ற இடர்கள் காத்திருந்தோரை மற்றவரைவிட அதிகம் வாட்டின. தமிழர்களிடையே காணப்பட்ட பேரதிர்ச்சி அறிகுறிகளின் வேறுபாட்டில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாயகத்துக் கொடுமைகளும், அதற்கு மேலும் 14 விழுக்காட்டைப் புதிய நாட்டில் எதிர்கொண்ட இடர்களும் விளக்குவதாக 1999-இல் வெளியான கட்டுரை கணக்கிட்டது. கடந்தகாலத்தை எந்த அரசாலும் மாற்ற முடியாது. இரண்டாவது பகுதி பெருமளவு குடிவரவுத் துறையின் கையில் இருந்தது. இவ்வாய்வின் முழுப் பொருளும் இதில் அடங்கியிருக்கிறது.

மெல்போர்னின் மரிபர்னாங் தடுப்பு முகாமில் இருந்த 25 தமிழரிடம் எடுக்கப்பட்ட மற்றொரு கணிப்பு, வெளியே காத்திருந்த தமிழரைவிட உள்ளே இருந்தோரிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் பேரதிர்ச்சி அறிகுறிகளும் கடுமையாக இருந்ததைக் காட்டியது. அப்பணியில் பங்கேற்ற மனநல மருத்துவர் பேட்ரிக் மெக்கோரி, 2010-இல் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியராக அறிவிக்கப்பட்டபோது, தடுப்பு முகாம்களை மனநோயை உற்பத்தி செய்யும் ஆலைகள் என்று வெளிப்படையாகவே வருணித்தார்.

1999-இல் புகுத்தப்பட்ட தற்காலிகப் பாதுகாப்பு விசா, அகதியென ஏற்கப்பட்டவருக்கும் மூன்றாண்டு அனுமதி மட்டுமே அளித்து, குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் உரிமையை மறுத்தது. சிட்னியில் வாழ்ந்த மண்டேயர் என்னும் சிறுபான்மைச் சமயத்தவர் 241 பேரிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வு, இவ்விசாவும் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட தடுப்புக்காவலும் நோயைத் தனித்தனியே மிகுவித்ததையும், விடுதலைக்குப் பின் சராசரி மூன்றாண்டுகள் சென்றும் தடுப்பின் வடு ஆறாதிருந்ததையும் கண்டது. இதற்கு மறுபக்கத்தில் வைத்து நோக்க வேண்டியது, அதே குழு சிட்னியின் வியட்நாமியரிடம் நடத்திய 2002-ஆம் ஆண்டின் ஆய்வு. நிரந்தரக் குடியுரிமைப் பாதையில் ஏற்கப்பட்ட அந்தச் சமூகத்தில், பத்தாண்டுகளுக்குப் பின் பெரும்பாலோர் நலமடைந்திருந்தனர். மிகப் பல கொடுமைகளுக்கு ஆளானோர் மட்டுமே தொடர்ந்து துன்புற்றனர். உறுதியான எதிர்காலம் அளிக்கப்பட்டால் பெரும்பாலான மனங்கள் தாமாகவே தேறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று ஆஸ்திரேலிய வரலாற்றில் இல்லை.

2005-ஆம் ஆண்டு நீதிமன்றமும் குறுக்கிட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவின் பேக்ஸ்டர் முகாமில் இருந்த ஈரானியர் இருவரின் வழக்கில் கூட்டாட்சி நீதிபதி பால் ஃபின், தடுத்துவைத்தவர்களுக்குப் போதிய மனநல மருத்துவம் அளிக்கும் கடமையில் அரசு தவறிவிட்டது என்றும், அப்பணியை ஒப்பந்தக்காரர்களிடம் கைமாற்றிவிட்டதால் அக்கடமை தீர்ந்துவிடாது என்றும் தீர்ப்பளித்தார். மனநோயுற்ற நிரந்தர வதிவிடப் பெண்ணொருவர், சட்டவிரோதக் குடியேறியெனத் தவறாகக் கருதப்பட்டுப் பத்து மாதங்கள் அடைக்கப்பட்டிருந்த செய்தி அதே ஆண்டில் வெளியாகி நாட்டை உலுக்கியது. அதுகுறித்த பால்மர் விசாரணைக்குப் பின் முகாம்களில் மனநலப் பரிசோதனை முறைப்படுத்தப்பட்டு, சுயேச்சையான மருத்துவ அறிவுரைக் குழுவும் அமைக்கப்பட்டது. தற்காலிக விசா 2008-இல் நீக்கப்பட்டது. இந்தத் தளர்வு நீடிக்கவில்லை. படகுகளின் வருகை மீண்டும் பெருகிய நிலையில் 2012-இல் புகலிடக் கோரிக்கையாளரை நவுரு தீவுக்கு அனுப்பும் பழைய முறை திரும்பியது. 2013 இறுதியில் மருத்துவ அறிவுரைக் குழு கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் தற்காலிக விசாவும் மீண்டது.

உள்நாட்டு உளவு அமைப்பின் எதிர்மறைப் பாதுகாப்பு மதிப்பீட்டால், அகதியென ஏற்கப்பட்ட பின்னும் காலவரையின்றி அடைக்கப்பட்டிருந்த 46 பேரின் முறையீட்டில், ஐ.நா. மனித உரிமைக் குழு 2013-இல் தீர்ப்புரைத்தது. அவர்களுள் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர். அவர்களுக்கு எதிரான சான்று என்னவென்று அவர்களுக்கே சொல்லப்படவில்லை. அவர்கள் மீது சுமத்தப்பட்ட கடும் உளப்பாதிப்பு, கொடிய, மனிதத்தன்மையற்ற நடத்தைக்குச் சமமானது என்று குழு கண்டது. நாட்டின் மனித உரிமை ஆணையம் 2014-இல் முடித்த விசாரணை, தடுப்பில் இருந்த குழந்தைகளில் 34 விழுக்காட்டினருக்கு, மருத்துவமனைப் புறநோயாளிச் சிகிச்சை தேவைப்படும் அளவிலான மனநலக் கோளாறு இருந்ததாகவும், பொதுமக்களின் குழந்தைகளில் அது 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் தெரிவித்தது. முகாமுக்கு வெளியே இடைக்கால விசாவில் காத்திருந்த தமிழ் இளைஞர்கள் சிலர் இவ்வாண்டுகளில் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர்.

2023 பிப்ரவரியில் அரசு, தற்காலிக விசாவில் இருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழியைத் திறந்தது. மனநல நிதி எதனையும்விட இம்முடிவு அவர்களுடைய மனநலத்துக்குப் பெரிய உதவி என்று முன்னைய ஆய்வுகளின் வெளிச்சத்தில் துணிந்து கூறலாம். ஆனால் 2014-இன் சட்டத்தால் உருவான ‘விரைவு வழி’ விசாரணையில் கோரிக்கை மறுக்கப்பட்டவர்கள் இதில் அடங்கவில்லை; அவர்களிலும் தமிழர் கணிசமானோர். 2023 செப்டம்பரில் இலங்கை, ஈரான் நாடுகளைச் சேர்ந்த பெண்கள் 22 பேர் நிரந்தர விசா வேண்டி மெல்போர்னிலிருந்து கான்பராவின் நாடாளுமன்றத்தை நோக்கி, அறுநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியை நடந்தே கடக்கப் புறப்பட்டனர். சித்திரவதைக்குள்ளானோருக்கான அரசு நிதித் திட்டம், இடைக்கால விசாவில் வெளியே வாழ்வோரையும் தன் பயனாளிகளாக ஏற்கிறது. ஆகவே அவர்களும் ஸ்டார்ட்ஸுக்கோ ஃபவுண்டேஷன் ஹவுஸுக்கோ சென்று தமிழ் உரைபெயர்ப்பாளருடன் இலவசமாக ஆலோசனை பெற முடியும். அவர்களுடைய விசாவை முடிவுசெய்யும் அதிகாரம் அந்த ஆலோசகர்களுக்கு நிதியளிக்கும் அதே மத்திய அரசிடம் இருக்கிறது.